400 மீட்டர், 9 நிமிடம்: ஆஸ்திரேலியக் கடற்கரையில் உயிர்காப்பாளர் ஆக ஒரு வழிகாட்டி

சிவப்பும் மஞ்சளுமான தொப்பியோடு ஆஸ்திரேலியக் கடற்கரைகளில் நிற்பவர்களைப் பார்த்து, "நாமும் இதில் சேர முடியுமா?" என்று யோசித்திருப்பீர்கள். முடியும். அதற்குக் கடலோரத்தில் பிறந்து வளர்ந்திருக்கத் தேவையில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஆரம்பித்தவர்கள் எல்லாக் கிளப்பிலும் உண்டு. பிள்ளையைக் கடற்கரைப் பயிற்சிக்குக் கூட்டிப்போன இடத்தில் தாங்களும் சேர்ந்துகொண்ட அப்பா, அம்மாக்கள் அவர்களில் நிறைய.

உடல்தகுதிக்குக் கறாரான ஓர் அளவு இருக்கிறது. அதில் வயதுக்கோ ஆண், பெண் என்பதற்கோ சலுகை கிடையாது. போட்டிகளில் இறங்க நினைத்தால் அதற்கு மேலும் சில நிபந்தனைகள். இரண்டையும் எந்த வரிசையில் எதிர்கொள்வது என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். எடுத்த எடுப்பில் அலைக்குள் போய், தண்ணீர் குடித்து, பயந்து, அதோடு விட்டுவிடுவார்கள். என் அனுபவத்தில் சரியான வரிசை இது: முதலில் நீச்சல்குளம், பிறகு மணல், அப்புறம் கடல், அதற்குப் பிறகு காவல், கடைசியில் போட்டி.

முதலில் யார் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

சிவப்பு மஞ்சள் தொப்பிக்காரர்கள் தன்னார்வலர்கள். லைஃப்சேவர் என்பார்கள். சம்பளம் கிடையாது. காவல் உள்ள கடற்கரைகளில் பெரும்பாலும் ஒரு கிளப் இருக்கும். நாடு முழுவதும் 300-க்கு மேல் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் தலைமை 'சர்ஃப் லைஃப் சேவிங் ஆஸ்திரேலியா'. இவர்கள் காவல் நிற்பது பெரும்பாலும் சனி, ஞாயிறு, பொது விடுமுறை நாட்களில். நியூ சவுத் வேல்ஸில் செப்டம்பர் கடைசியில் ஆரம்பித்து ஏப்ரல் கடைசி வரை பருவம் ஓடும்.

சம்பளத்துக்கு வேலை செய்பவர்கள் லைஃப்கார்டுகள். சிட்னியின் பாண்டை கடற்கரையில் நீலச் சட்டையில் நிற்பவர்கள் வேவர்லி நகரசபையின் ஊழியர்கள். அந்த வேலைக்குத் தகுதி இன்னும் கடினம், கடைசிப் பகுதிக்கு முன் சொல்கிறேன். எந்தப் பக்கம் போவதானாலும் நுழைவாயில் ஒன்றுதான்: ப்ரான்ஸ் மெடாலியன் என்ற சான்றிதழ். 1910-லிருந்து கொடுக்கிறார்கள். பெண்களுக்கு அதன் கதவு திறந்ததோ 1980-ல்தான்.

போட்டியும் காப்பாற்றும் வேலையும் இங்கே ஏன் பிரியாமல் இருக்கின்றன என்று புரிய ஒரே ஒரு நாள் போதும். 1938 பிப்ரவரி 6, ஞாயிற்றுக்கிழமை. பாண்டையில் அடுத்தடுத்து வந்த பெரிய அலைகள் திரும்பும்போது இருநூறுக்கும் மேற்பட்டவர்களை உள்ளே இழுத்துப் போயின. அன்று கிளப்பின் நீச்சல் பந்தயத்துக்காக உறுப்பினர்கள் பலர் மணலிலேயே கூடியிருந்தார்கள். பந்தயத்துக்கு வந்தவர்கள் அப்படியே தண்ணீருக்குள் ஓடினார்கள். ஐந்து பேர் இறந்தார்கள், மற்ற அனைவரும் கரைக்கு வந்தார்கள். பந்தயம் என்பது காப்பாற்றுபவர்களின் உடலைத் தயாராக வைத்திருக்க வந்த ஏற்பாடு. இன்றைக்கும் காவல் நிற்காதவரைப் போட்டியில் விடமாட்டார்கள்.

நீச்சல்குளம்: 400 மீட்டர், 9 நிமிடம்

ப்ரான்ஸ் பயிற்சியில் சேர்ந்ததும் கேட்கும் முதல் சோதனை இது. 25 மீட்டருக்குக் குறையாத குளத்தில் 400 மீட்டரை 9 நிமிடத்துக்குள் நிற்காமல் நீந்த வேண்டும். தேர்வு எழுதும் நாளில் 15 வயது முடிந்திருக்க வேண்டும். 13, 14 வயதுப் பிள்ளைகளுக்கு 'சர்ஃப் ரெஸ்க்யூ' சான்றிதழ் இருக்கிறது. அதற்கு 200 மீட்டர், 5 நிமிடம்.

9 நிமிடத்தைப் பிரித்துப் பாருங்கள். 100 மீட்டருக்கு 2 நிமிடம் 15 விநாடி. 50 மீட்டருக்கு 67 விநாடி. முறையாக நீச்சல் கற்றவருக்கு இது வேகமே இல்லை. நம் ஊரில் கிணற்றிலோ குளத்திலோ கற்றவருக்குத்தான் சிக்கல். கிணற்று நீச்சல்காரருக்குத் தண்ணீர் பயம் இருக்காது, மணிக்கணக்கில் மிதப்பார், ஆழத்துக்கு முங்கிச் செம்பை எடுத்து வருவார். இதெல்லாம் பின்னால் பெரிய சொத்து. ஆனால் தலையைத் தூக்கியபடியே நீந்திப் பழகியிருப்பார். தலை மேலே போனால் இடுப்பு கீழே போகும், உடம்பு முழுக்கத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். அந்த நீச்சலில் 400 மீட்டர் முடிக்கலாம், 9 நிமிடத்தில் முடிக்க முடியாது.

ஆகவே ஃப்ரீஸ்டைலை ஒழுங்காகக் கற்றுக்கொள்ளுங்கள். யூடியூபை மட்டும் நம்பாமல், நான்கைந்து வகுப்பாவது பெரியவர்களுக்கான பயிற்சியாளரிடம் போங்கள். வெளியே நின்று பார்ப்பவருக்குத்தான் உங்கள் கை எங்கே தவறுகிறது என்று தெரியும்.

வாரம் மூன்று நாள் வைத்துப் பன்னிரண்டு வாரத்துக்கு நான் புதியவர்களுக்குச் சொல்லும் திட்டம் இது. முதல் நான்கு வாரம் தூரத்தை மறந்துவிடுங்கள், மூச்சை மட்டும் பாருங்கள். முகம் தண்ணீருக்குள் இருக்கும்போது மூச்சை முழுவதும் விட வேண்டும். பலர் அடக்கி வைத்துக்கொண்டு, முகத்தைத் திருப்பும் அரை விநாடியில் விடவும் இழுக்கவும் பார்க்கிறார்கள். 50 மீட்டரில் களைப்பதற்குக் காரணம் கை கால் பலவீனம் இல்லை, இதுதான். 25 மீட்டர் நீந்தி, நின்று, மூச்சு சீரானதும் மறுபடி 25. இப்படி எட்டு, பிறகு பன்னிரண்டு.

அடுத்த நான்கு வாரம் 50 மீட்டராக எட்டு முறை. ஒவ்வொன்றும் 65 விநாடிக்குள், நடுவில் 20 விநாடி ஓய்வு. முதல் ஐம்பதும் எட்டாவது ஐம்பதும் ஒரே நேரத்தில் முடிய வேண்டும். முதல் ஐம்பதை 50 விநாடியில் அடித்துவிட்டு எட்டாவதை 80-ல் முடிப்பவர் தேர்வில் தோற்பார். கடைசி நான்கு வாரம் 100 மீட்டராக நான்கு முறை, தலா 2 நிமிடம் 10 விநாடி, 15 விநாடி ஓய்வு. பத்தாவது வாரம் கடிகாரம் வைத்து முழு 400 நீந்திப் பாருங்கள். எட்டரை நிமிடத்தில் முடிந்தால் பயிற்சியில் பெயர் கொடுக்கலாம். அரை நிமிடம் கையிருப்பு வேண்டும், ஏனென்றால் தேர்வு நாள் படபடப்பு அதைத் தின்றுவிடும்.

பயிற்சி வகுப்புகள் பெரும்பாலும் பருவத் தொடக்கத்தில் ஆரம்பிக்கும். அப்படியென்றால் நீங்கள் குளத்தில் இறங்க வேண்டியது ஜூன் மாதக் குளிரில். வெந்நீர்க் குளம் உள்ள உள்ளூர் நீச்சல் மையம் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் குறிப்பு, சிரிக்காதீர்கள்: தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால் நீச்சல் தொப்பி நிற்காது.

மணல்: ரன், ஸ்விம், ரன்

இரண்டாவது சோதனை கடற்கரையில். 200 மீட்டர் ஓட்டம், கடலில் 200 மீட்டர் நீச்சல், மறுபடி 200 மீட்டர் ஓட்டம். மூன்றும் இடைவிடாமல் 8 நிமிடத்துக்குள். குளத்தில் தேறியவர்கள் அதிர்ச்சி அடைவது இங்கேதான்.

கணக்கு இப்படிப் போகும். குளத்து வேகத்தில் 200 மீட்டருக்கு நான்கரை நிமிடம். கடலில் அலை, திசை பார்க்கத் தலை தூக்குவது எல்லாம் சேர்த்து 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 நிமிடத்தில் இரண்டு ஓட்டமும் முடிய வேண்டும். 200 மீட்டருக்கு ஒன்றரை நிமிடம் என்பது மெதுவான ஓட்டம்தான். நேரம் தாராளமாக இருக்கிறது, ஆனால் மூச்சுதான் சிக்கல். முதல் ஓட்டத்தைப் பாய்ந்து ஓடினால் நெஞ்சு படபடக்கக் குளிர்ந்த தண்ணீரில் விழுவீர்கள். அந்த நிலையில் முகத்தைத் தண்ணீரில் வைக்கவே மனம் வராது. அதனால் முதல் ஓட்டத்தை உங்களால் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மீதி வேகம் கடைசி ஓட்டத்துக்கு.

மணலில் வெறுங்காலோடு ஓடிப் பழக வேண்டும். முதல் சில வாரம் அலை நனைத்து இறுகிய மணலில் மட்டும். உலர்ந்த மணலில் உடனே இறங்கினால் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படிக்கட்டு ஏற முடியாது. கடற்கரை தூரமாக இருந்தால் வீட்டுப் பக்கத்துப் பூங்காவில் சின்ன மேடாகப் பார்த்து ஏறி இறங்கி ஓடுங்கள்.

தோளைக் கவனியுங்கள். அலுவலகத்தில் கணினி முன் கூன் போட்டு உட்காரும் நம்மைப் போன்றவர்களுக்குத் தோள் முன்பக்கம் இறுகிப்போயிருக்கும். திடீரென்று வாரம் மூன்று நாள் நீந்தினால் அங்கேதான் முதல் வலி வரும். ரப்பர் பட்டை ஒன்று வாங்கி, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து வெளிப்பக்கமாக இழுக்கும் பயிற்சியைத் தினம் செய்தால் போதும். ஜிம்முக்கு அவசியம் போக வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

உடை விஷயத்தில் நம் பெண்கள் தயங்குவதை அறிவேன். முழுக்கை ரேஷ் வெஸ்டும் (உடலோடு ஒட்டிய நீச்சல் மேற்சட்டை) முழுநீளக் காலுடையும் போட்டுக் காவல் நிற்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள், வெயிலுக்கும் அதுதான் நல்லது. சிட்னியின் குரோனல்லா கடற்கரையில் 2005-ல் நடந்த இனக் கலவரத்துக்குப் பிறகு புதிய சமூகத்தினரைக் கிளப்புகளுக்குள் கொண்டுவர ஒரு திட்டம் தொடங்கினார்கள். அதன் வழியாக 2007-ல் ஒரு முஸ்லிம் பெண் உடல் முழுதும் மூடிய சிவப்பு மஞ்சள் நீச்சலுடையில் தகுதி பெற்று அங்கே காவலுக்கு நின்றார். துணி இறுக்கமாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தொளதொள என்றால் தண்ணீரை ஏந்திக்கொண்டு உங்களைப் பின்னால் இழுக்கும்.

கடல்: வேகத்தைவிடக் கண் முக்கியம்

கடலில் தனியாகப் பயிற்சி வேண்டாம். கிளப் ஆட்களோடு, காவல் உள்ள பகுதியைக் காட்டும் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும். நான் விட்டுக்கொடுக்காத விதி இது ஒன்றுதான்.

முதலில் கரையில் நின்று பத்து நிமிடம் கடலைப் பாருங்கள். அலை வெள்ளையாக உடைகிற இடத்தில் அடியில் மணல் திட்டு இருக்கிறது, அங்கே ஆழம் குறைவு. இரண்டு திட்டுகளுக்கு நடுவில் அலை உடையாமல், கருத்து, பார்க்க அமைதியாக இருக்கும் பாதைதான் ரிப் என்ற இழுவை நீரோட்டம். கரையில் குவிந்த தண்ணீர் வாய்க்கால் போட்டுக்கொண்டு திரும்பிப் போகும் வழி அது. புதிதாக வந்தவர்கள் அலை இல்லை, பாதுகாப்பு என்று நினைத்துச் சரியாக அங்கேயே இறங்குகிறார்கள். மெரினாவிலும் பட்டினப்பாக்கத்திலும் ஆட்களை இழுத்துப்போவது இதே வகை இழுவைதான். பலமான ரிப் விநாடிக்கு 2 மீட்டர் வரை ஓடும். ஒலிம்பிக் நீச்சல்காரரும் அதை எதிர்த்து ஜெயிக்க முடியாது.

மாட்டிக்கொண்டால் மிதக்க வேண்டும், கையை உயர்த்திக் காட்ட வேண்டும், எதிர்த்து நீந்தக் கூடாது. இது பொதுமக்களுக்கான பாடம். உயிர்காப்பாளருக்கு இன்னொரு பாடம் உண்டு: அதே ரிப்பைப் பிடித்துக்கொண்டு மற்றவர்களைவிடச் சீக்கிரம் உள்ளே போவது. அலையோடு மல்லுக்கட்டாமல் வெளியே போய்விட்டு, திரும்பும்போது திட்டுப் பக்கம் விலகி, அலையோடு உருண்டு வருவது. குளத்தில் ஏழு நிமிடத்தில் 400 மீட்டர் நீந்தும் இளைஞர் திட்டின்மேல் வரிசையாக அலையை வாங்கிக்கொண்டு திணறும்போது, ஐம்பது வயது அம்மா ஒருவர் பக்கத்து ரிப்பில் நிதானமாகப் போய் முன்னால் மிதவையைத் தொடுவதை எந்தக் கிளப்பிலும் பார்க்கலாம்.

அலைகளைத் தாண்டும் முறையும் படிப்படியானது. முழங்கால் ஆழம் வரை காலைப் பக்கவாட்டில் வீசித் தண்ணீருக்கு மேலே தூக்கி ஓடுங்கள். தொடை ஆழம் வந்ததும் டால்ஃபின் டைவ்: கையை முன்னால் நீட்டிப் பாய்ந்து, அடியில் மணலைப் பற்றி, காலை மடக்கி உந்தி, மேலே வந்து, மறுபடி. இடுப்புக்கு மேல் ஆழம் வந்தால் நீச்சல். பெரிய அலை உடைந்து வந்தால் அதன் மேலே ஏறப் பார்க்காதீர்கள். அடியில் முங்கி மணலில் விரல்களைப் புதைத்துப் பிடித்துக்கொண்டால் அது தலைக்கு மேல் போய்விடும். கிணற்றில் முங்கிப் பழகியவர்கள் இதில் ஒரே நாளில் தேறிவிடுவார்கள். பாயும்போது கை எப்போதும் தலைக்கு முன்னால் இருக்கட்டும். ஆழம் தெரியாத திட்டில் தலை மோதிக் கழுத்து எலும்பு போனவர்கள் உண்டு.

அலைகள் கூட்டமாக வரும், பிறகு ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளிக்குக் காத்திருக்கக் கற்றுக்கொண்டால் பாதி உழைப்பு மிச்சம்.

பயிற்சியும் தேர்வும்

ப்ரான்ஸ் பயிற்சி பொதுவாக ஆறு முதல் எட்டு வாரம், வார இறுதிகளில். பாடங்களை இணையத்தில் படிக்க வேண்டும், மீதி எல்லாம் கடற்கரையில். இதில் வருவன: சி.பி.ஆர். (மார்பை அழுத்தி, வாயால் மூச்சுக் கொடுத்து உயிர்ப்பிப்பது), முதலுதவி, கழுத்து, முதுகெலும்புக் காயம் பட்டவரைக் கையாளுவது, வாக்கிடாக்கியில் பேசுவது, கைச் சைகைகள், ரெஸ்க்யூ டியூபால் (ஆளைச் சுற்றிக் கட்டும் மிதவை) மீட்பது, போர்டால் (படுத்துத் துழாவும் மிதவைப் பலகை) மீட்பது.

சி.பி.ஆரில் 30 அழுத்தம், 2 மூச்சு. நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், மார்பின் ஆழத்தில் மூன்றில் ஒரு பங்கு. இரண்டு நிமிடம் சரியாகச் செய்தால் கை நடுங்கும். இதையும் உடல்தகுதிப் பயிற்சியாகவே எடுத்துக்கொண்டு வீட்டில் ஒரு கெட்டித் தலையணை வைத்துப் பழகுங்கள்.

சைகைகளில் இரண்டை முதல் நாளே மனதில் ஏற்றிக்கொள்ளுங்கள். கரையில் நிற்பவர் ஒரு கையை நேராக மேலே உயர்த்தினால் "கரைக்குத் திரும்பு". இரண்டு கையையும் உயர்த்தினால் "இன்னும் உள்ளே போ".

டியூப் மீட்பில் நீங்கள் நீந்திப் போய், தத்தளிப்பவருக்கும் உங்களுக்கும் நடுவில் டியூபை நீட்டி, அவர் பிடித்ததும் சுற்றிக் கட்டி இழுத்துவர வேண்டும். பயந்தவர் கையில் நேராக மாட்டிக்கொள்ளாதிருப்பதுதான் இதன் சூட்சுமம். போர்டு மீட்புதான் பெரியவர்களுக்கு எரிச்சலூட்டும் பகுதி. பேடல் போர்டில் குப்புறப் படுத்துக் கையால் துழாவிப் போவது பார்க்கச் சுலபமாக இருக்கும். முதல் அலையிலேயே போர்டு ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். அமைதியான நாளில், அலை இல்லாத மூலையில் போர்டை வாங்கி அரை மணி நேரம் சும்மா படுத்துப் பழகுங்கள். மூக்குப்பக்கம் லேசாகத் தண்ணீருக்கு மேல் இருக்கும்படி உங்கள் இடம் எது என்று உடம்பு கண்டுபிடிக்கும் வரை வேறு எதுவும் சொல்லிப் புண்ணியமில்லை.

தேர்வு நாளில் இவை எல்லாவற்றையும் ஒரே காலையில் செய்ய வேண்டியிருக்கும். காலை இரண்டு இட்லி, வாழைப்பழம், இரண்டு மணி நேரம் முன்னதாக. பொங்கல் வேண்டாம்.

காவல்

சான்றிதழ் கிடைத்ததும் ஒரு காவல் குழுவில் போடுவார்கள். மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஒரு முறைக்குச் சில மணி நேரம். கிளப்பைத் தேர்ந்தெடுக்கும்போதே இதை யோசியுங்கள். கடலிலிருந்து தள்ளி, சிட்னியின் மேற்கில் வென்ட்வர்த்வில், டூங்காபி பக்கம் இருப்பவர் காலை 8 மணிக்குக் கடற்கரையில் நிற்க 6 மணிக்குள் கிளம்ப வேண்டும். பேர்பெற்ற கடற்கரையைவிட வண்டி நிறுத்த இடமுள்ள, பயிற்சியாளர்கள் பொறுமையாக இருக்கிற சின்னக் கிளப் நல்லது. சேருவதற்கு முன் ஒரு ஞாயிறு காலை போய்ப் பேசிப் பாருங்கள்.

உடல்தகுதியை ஒருமுறை காட்டினால் முடிந்துவிடாது. ஆண்டுதோறும் ரன், ஸ்விம், ரன் 8 நிமிடத்தில் முடித்து, டியூப், போர்டு, சி.பி.ஆர்., சைகை எல்லாவற்றையும் மறுபடி செய்துகாட்ட வேண்டும். கெடு டிசம்பர் 31. தவறினால் காவலும் இல்லை, போட்டியும் இல்லை. டிசம்பர் கடைசி வாரம் வரை தள்ளிப்போடுபவர்கள் கடல் கொந்தளிக்கும் நாளில் மாட்டிக்கொள்வார்கள், அக்டோபரிலேயே முடித்துவிடுங்கள்.

சம்பள வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு: 800 மீட்டரை 14 நிமிடத்துக்குள் நீந்துவதுதான் பரவலாகக் கேட்கப்படும் அளவு. 100 மீட்டருக்கு 1 நிமிடம் 45 விநாடி. அதோடு உயர்நிலை முதலுதவி, ஆக்சிஜன் கருவியோடு உயிர்ப்பிக்கும் பயிற்சி, அந்தந்த நகரசபை வைக்கும் கடல் சோதனை எல்லாம் உண்டு. இரண்டு பருவம் தன்னார்வலராக நின்றுவிட்டுப் போனால் கடலைப் படிக்கத் தெரிந்திருக்கும்.

போட்டி

தேசியப் போட்டி 1915-லிருந்து நடக்கிறது. 'ஆஸிஸ்' என்று செல்லப்பெயர். அதற்கு முன் வட்டார, மாநிலப் போட்டிகள். கலந்துகொள்ள நிபந்தனைகள் இவை: சந்தா கட்டிய உறுப்பினராக இருக்க வேண்டும், அந்தப் பருவத்தின் தகுதிச் சோதனை முடித்திருக்க வேண்டும், விதித்த காவல் மணி நேரத்தை நிறைவேற்றியிருக்க வேண்டும். கடைசியில் சொன்னதில்தான் பலர் கோட்டைவிடுவார்கள். வருகைப் பதிவில் கையெழுத்துப் போடாமல் போன காவல் கணக்கில் வராது, ஒவ்வொரு முறையும் போட்டுவிட்டுக் கிளம்புங்கள். வயதுப் பிரிவு செப்டம்பர் 30 நள்ளிரவில் உங்களுக்கு என்ன வயது என்பதை வைத்து முடிவாகும். 30 வயது முடிந்தால் மாஸ்டர்ஸ் பிரிவு, ஐந்தைந்து வயதாகப் பிரித்திருப்பார்கள். 42 வயதுக்காரர் 22 வயதுக்காரரோடு மோத வேண்டியதில்லை.

எதில் ஆரம்பிப்பது? மணல் போட்டிகளில். 90 மீட்டர் ஓட்டமும், மாஸ்டர்ஸுக்கு 70 மீட்டரும், 2 கிலோமீட்டர் ஓட்டமும் உண்டு. பள்ளியில் ஓடியவர்களுக்கு உடனே கைகொடுக்கும். பீச் ஃப்ளாக்ஸ் என்பது தனி ரகம். முதுகை இலக்குப் பக்கம் காட்டிக் குப்புறப் படுத்திருக்க வேண்டும். விசில் ஊதியதும் எழுந்து திரும்பி, 20 மீட்டர் ஓடி, மணலில் நட்ட குழாய்த் துண்டு ஒன்றைப் பிடுங்க வேண்டும். ஆட்களைவிடத் துண்டுகள் குறைவு, கிடைக்காதவர் வெளியே. கபடி ஆடியவர்களுக்கு இந்தப் பாய்ச்சல் நன்றாக வரும் என்பது என் கணிப்பு.

நீரில் என்றால் முதலில் சர்ஃப் ரேஸ். ஏறத்தாழ 400 மீட்டர், மிதவைகளைச் சுற்றி வர வேண்டும். 9 நிமிட நீச்சல் வைத்துக்கொண்டு இதில் பரிசு கிடைக்காது, முடித்து வரலாம். பதக்கம் வேண்டுமென்றால் குளத்தில் ஆறு நிமிடப் பக்கம் வர வேண்டும். அடுத்தது போர்டு ரேஸ், 3.2 மீட்டர் நீளப் போர்டில் முழங்காலிட்டுத் துழாவுவது. முழங்காலில் நிற்கவே ஒரு பருவம் ஆகும். சர்ஃப் ஸ்கி கடைசி. கிட்டத்தட்ட 5.8 மீட்டர் நீளமும் குறைந்தது 18 கிலோ எடையும் உள்ள மெல்லிய படகு அது, அலையில் குறுக்கே திரும்பினால் பக்கத்தில் இருப்பவருக்கும் ஆபத்து. அதனால் அனுபவமில்லாமல் கூட்டத்துக்குள் எடுத்துப் போக அனுமதிக்கமாட்டார்கள்.

நீச்சல், போர்டு, ஸ்கி மூன்றையும் சேர்த்து ஓட்டத்தில் முடிப்பதுதான் அயர்ன்மேன். எதற்குப் பிறகு எது என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்வார்கள். 1966-ல் முதல் ஆஸ்திரேலியப் பட்டத்தை ஹேடன் கென்னி வென்றார். அவர் மகன் கிராண்ட் கென்னி 1980-ல், 16 வயதில், ஜூனியர் பட்டத்தையும் பெரியவர்கள் பட்டத்தையும் சேர்த்தே வாங்கினார். புதியவர்கள் இதைக் கரையில் நின்று ரசிக்கலாம். உங்களுக்குப் பொருத்தம் டேப்லின் ரிலே. அதில் ஆளுக்கு ஒரு துறைதான், நீச்சல்காரர் நீந்தினால் போதும்.

பிள்ளைகளுக்கு ஐந்து வயதிலிருந்தே நிப்பர்ஸ் வகுப்பு. வயதுக்கேற்ற நீச்சல் சோதனை முடித்தால்தான் கடலில் விடுவார்கள். பிள்ளை பயப்படுகிறது என்றால் கட்டாயப்படுத்தாதீர்கள், முதல் வருடம் முழுக்க மணலில் ஓடட்டும்.

போட்டி நாளில் கிளப்பின் வண்ணத் தொப்பியைத் தாடைக்குக் கீழே முடிந்திருக்க வேண்டும், நீர்ப் போட்டிகளில் பளிச்சென்ற நிறத்தில் மேற்சட்டை கட்டாயம். இது சும்மா அலங்காரம் இல்லை. கோல்ட் கோஸ்டின் குராவா கடற்கரையில் 1996, 2010, 2012 ஆண்டுகளில் தேசியப் போட்டியின்போதே மூன்று இளைஞர்கள் இறந்தார்கள். கடைசியாக இறந்த சிறுவனுக்கு 14 வயது. கடலை நன்றாக அறிந்த, நல்ல உடல்தகுதியுள்ள பிள்ளைகள் அவர்கள்.

ஆகவே அன்றைய கடல் உங்கள் அளவுக்கு மேல் என்று தோன்றினால் இறங்க வேண்டாம். குழு மேலாளரிடம் சொன்னால் பெயரை எடுத்துவிடுவார், யாரும் கேலி செய்யமாட்டார்கள். பந்தயத்தின் நடுவில் விலகினால் கையை உயர்த்தி மீட்புப் படகைக் கூப்பிடுங்கள். நீங்களே கரை சேர்ந்துவிட்டால் உடை மாற்றப் போவதற்கு முன் முடிவுக்கோட்டில் நிற்கும் அதிகாரியிடம் பெயரைச் சொல்லுங்கள். இறங்கினவர்களையும் ஏறினவர்களையும் அவர்கள் எண்ணிக்கொண்டிருப்பார்கள். ஓர் ஆள் குறைந்தால் பந்தயத்தை நிறுத்தித் தேட ஆரம்பித்துவிடுவார்கள்.